ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்? பழைய எம்டிபியை மேட்டுக்கும் சரளைக்கும் பழக்குவது

"21 கியர் இருக்கு, ஆனாலும் மேடு ஏற மாட்டேங்குது." சைக்கிள் பேச்சு எங்கே வந்தாலும் இந்தப் புலம்பலும் கூடவே வரும். நானும் புலம்பியவன்தான். என்னுடையது பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய 26 இன்ச் எம்டிபி, அதாவது மவுன்டன் பைக். டிராக்டர் டயர் மாதிரி முண்டு முண்டாகப் பல், முன்னால் ஷாக், தடித்த குழாய்கள். பார்த்தால் மலைக்கென்றே பிறந்தது போல இருக்கும். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில வளைவுகளிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். மொபெட்டில் மூட்டையோடு ஏறி வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்னங்க, பஞ்சரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பஞ்சர் இல்லை. கியர் கணக்குதான் கோளாறு. அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் பழைய எம்டிபியை மலைக்கும் மண் ரோட்டுக்கும் ஏற்றதாக மாற்றுவது பெரிய செலவில்லை. புரியாமல் இறங்கினால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க், ஹேண்டில்பார் என்று வரிசையாக வாங்கி மாட்டிய பிறகும் அதே வளைவில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

முதலில் இந்த 21. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. சைக்கிள் விற்பவருக்கு வசதியான எண், மேட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேட்டில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு கியர், இருப்பதிலேயே லேசானது. அது எவ்வளவு லேசு என்பதுதான் கேள்வி.

அதை அளக்க ஒரு சாக்பீஸும் இன்ச் டேப்பும் போதும். முன்னால் சின்னப் பல்சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் செயினைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெடலை நேர் கீழே நிறுத்தி, பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. இப்போது வண்டியைப் பின்னோக்கி உருட்டுங்கள். முன்னோக்கித் தள்ளினால் பெடல் சும்மா நிற்கும், பின்னோக்கி உருட்டினால் கூடவே சுற்றும். பெடல் ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி கீழே நின்றதும் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான், நீங்கள் ஒரு சுற்று மிதித்தால் வண்டி நகரும் தூரம்.

என் வண்டிக்கு அது 1.76 மீட்டர் வந்தது. தரையில் அளக்க முடியாவிட்டால் பல்லை எண்ணலாம். முன்னால் 24 பல், பின்னால் 28 பல். 24-ஐ 28-ஆல் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவான 2.05 மீட்டரால் பெருக்கினால் அதே விடைதான். வண்டியின் கனமான கியரில், அதாவது முன்னால் 42, பின்னால் 14 பல்லில், ஒரு சுற்றுக்கு 6.15 மீட்டர்.

சரி, 1.76 என்பது நல்லதா கெட்டதா? மேடு நம்மை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால் தெரியும். 100 மீட்டர் தூரத்துக்கு 8 மீட்டர் உயர்ந்தால் அது 8 சதவீத ஏற்றம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ என்றால், 8 சதவீத ஏற்றத்தில் 6.8 கிலோ எடையைக் கயிறு கட்டி யாரோ பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பது போல. ரோட்டின் உராய்வு அதற்கு மேல். இந்த 6.8 கிலோவை நம் கால் எப்படி உணர்கிறது என்பதைக் கியர்தான் தீர்மானிக்கிறது. பெடல் ஒரு சுற்று வரும்போது கால் போகும் தூரம் சுமார் 1.07 மீட்டர். அதே நேரத்தில் வண்டி 6.15 மீட்டர் போனால், கால் சராசரியாக 39 கிலோ அழுத்த வேண்டும். 1.76 மீட்டர் போனால் 11 கிலோ. 1.45 மீட்டர் போனால் 9 கிலோ சொச்சம். கடப்பாரையால் கல்லை நெம்புபவருக்குத் தெரியாத விஷயமில்லை இது. கை அதிக தூரம் போனால் பாரம் குறையும்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. வண்டியின் எடையை ஒரு கிலோ குறைத்தால் 8 சதவீத ஏற்றத்தில் மிச்சமாவது 80 கிராம் இழுவை. எடை குறைக்கிறேன் என்று விலை உயர்ந்த சாமான்களைத் தேடுபவர்கள் இந்த 80 கிராமை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வேகம். புதிதாக ஏறுபவர் 8 சதவீதத்தில் மணிக்கு 6 கி.மீ. போனாலே நன்றாகப் போகிறார் என்று அர்த்தம். அது நிமிடத்துக்கு 100 மீட்டர். ஒரு சுற்றுக்கு 1.76 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 57 சுற்று மிதிக்கிறோம். ஏற்றம் கூடி வேகம் 5 கி.மீ.க்கு இறங்கினால் 47 சுற்று. அதுதான் முழங்கால் முனக ஆரம்பிக்கும் இடம். ஒவ்வொரு மிதிக்கும் உடம்பை முழுதாகப் போட்டு அழுத்தி, ஹேண்டில்பாரை இழுத்து, அப்புறம் ஒரு கட்டத்தில் இறங்கித் தள்ளுவோம். மூச்சு வாங்கி நிற்பதை விடத் தொடை செத்துப்போய் நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூச்சு இரண்டு நிமிடம் நின்றால் திரும்பி வரும், தொடை அன்று முழுக்க வராது.

ஆக, செய்ய வேண்டியது அந்த 1.76-ஐக் குறைப்பது. ஏழு கியர் பின்பக்கம் உள்ள பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஃப்ரீவீல், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மரை போட்டுத் திருகியது. அதில் 14 முதல் 28 பல் வரைதான் சாதாரணமாக வரும். அதே ஏழு கியரில் 14 முதல் 34 வரை உள்ள ஃப்ரீவீலும் கடையில் கிடைக்கிறது, மெகா ரேஞ்ச் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். புது சைக்கிள் விலையோடு பார்த்தால் இதன் விலை கொசுறு. இதை மாட்டியதும் கணக்கு 24-ஐ 34-ஆல் வகுத்து 2.05-ஆல் பெருக்கியது, அதாவது 1.45 மீட்டர்.

இன்றைக்கு விற்கும் புது 29 இன்ச் எம்டிபிகள் பலவற்றில் முன்னால் ஒரே பல்சக்கரம், 32 பல். பின்னால் 12 கியர், பெரியது 51 பல். பார்க்கவே சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும். அதன் லேசான கியர் எவ்வளவு? சக்கரம் பெரியது, சுற்றளவு 2.28 மீட்டர். கணக்குப் போட்டால் 1.43. பழைய வண்டியில் மெகா ரேஞ்ச் போட்டால் 1.45. இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். சின்னச் சக்கரம் மேட்டில் நமக்குச் செய்யும் உதவி இது.

ஒரு குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்த ஃப்ரீவீலில் பற்கள் 14, 16, 18, 20, 22, 24 என்று படிப்படியாகப் போய், கடைசியில் ஒரே தாவாக 34-க்குத் தாவும். மேட்டில் மிதித்துக்கொண்டே அந்தக் கடைசிக் கியரைப் போட்டால் கால் சட்டென்று காற்றில் சுற்றுவது போல இருக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, மிதியைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டுவிடப் பழக வேண்டும்.

பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவது ஒரு காட்சி. நாம் மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். நான் போன கடையில் சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "தம்பி, பத்து வருசம் நீங்க மிதிச்சதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார். ஸ்பேனர் போட்டுத் திருகவில்லை. கழற்றும் டூலை வைஸில் இறுக்கிப் பிடித்து, அதன் மேல் சக்கரத்தைப் படுக்க வைத்து, லாரி ஸ்டியரிங்கைத் திருப்புவது போல இரண்டு கையாலும் ரிம்மைப் பிடித்து இடப்பக்கம் ஒரு இழுப்பு. டக்கென்று விட்டது. வீட்டில் சின்ன ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக் கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

இதைச் செய்யும்போதே செயினைக் கவனியுங்கள். ஒரு அடி ஸ்கேலைச் செயின் மேல் வைத்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தைப் பொருத்தினால் 12 இன்ச்சில் இன்னொரு பின் நேராக நிற்க வேண்டும். 1/16 இன்ச்சுக்கு மேல் தள்ளிப் போயிருந்தால் செயின் நீண்டுவிட்டது, புதிது போடுங்கள். தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது தாவும். அதுவும் சரியாக மேட்டில்தான் தாவும்.

நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. இது என் சொந்த அனுபவம். 28-க்கு வெட்டியிருந்த பழைய செயினை அப்படியே 34-க்கு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது முன்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன், பின்னால் 34-லேயே இருந்ததை மறந்துவிட்டேன். செயின் இழுத்துப் பிடித்து, பின்னால் கியர் மாற்றும் டீரெய்லர் முன்பக்கமாக முறுக்கிக்கொண்டது. கடையிலும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. புது ஃப்ரீவீல் மாட்டியதும் ரோட்டுக்குப் போவதற்கு முன்பு, முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். செயின் விறைத்து நின்றால் நீளம் போதாது. டீரெய்லர் 34 பல்லை ஏற்கும் வகைதானா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், நீளக் கை உள்ளதாக இருக்க வேண்டும்.

முன்பக்கமும் குறைக்கலாமா? 24-க்குப் பதில் 22 போட்டால் 1.33 மீட்டர் வரும். ஆனால் மலிவான கிராங்குகளில் (பெடல் கையும் முன் பல்சக்கரங்களும் சேர்ந்த பாகம்) மூன்று பல்சக்கரமும் ரிவெட் அடித்து ஒன்றாகவே வரும், ஒன்றை மட்டும் கழற்ற முடியாது. போல்ட் போட்டதாக இருந்தால் மாற்றலாம். 1.33-க்கும் கீழே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேகம் மணிக்கு 4 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் சைக்கிள் நேராக நிற்கவே தடுமாறும். அந்த வேகத்துக்கு இறங்கித் தள்ளுவதே மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மொபெட்காரரிடம் உண்மையைச் சொல்லலாம்.

எம்டிபி என்ற வண்டியே இப்படி ஒட்டுப்போட்டு உருவானதுதான். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள், பலூன் டயர் போட்ட, ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலை மண் ரோடுகளில் இறங்குவார்கள். இறங்கத்தான் முடியும், ஏறுவதற்கு வண்டியை லாரியில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தள்ள வேண்டும். கேரி ஃபிஷர் போன்றவர்கள் அதில் கியர் பொருத்திய பிறகுதான் ஏறவும் முடிந்தது. ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனி ஃபிரேம் செய்தது 1977-ல்.

அடுத்து டயர். தார் ரோட்டில் முண்டுப் பல் டயர் "ர்ர்ர்" என்று சத்தம் போட்டுக்கொண்டே வரும், அந்தச் சத்தம் நம் உழைப்புதான். நம் ஊரில் மண் ரோட்டுக்குப் போவதென்றாலும் முதல் பத்து இருபது கிலோமீட்டர் தார்தான். அதனால் நடுப்பகுதியில் பல் நெருக்கமாகவும் தாழ்வாகவும், இரண்டு ஓரத்திலும் முண்டு வைத்தும் உள்ள டயர் நல்லது. தாரில் நடுப்பகுதி உருளும், சரளையில் சாய்ந்து திரும்பும்போது ஓர முண்டு கடிக்கும். அகலம் 1.95 முதல் 2.2 இன்ச் வரை இருக்கட்டும். ஒல்லி டயர் வேகம் என்ற நம்பிக்கையில் 1.5 போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனவர்கள், உதிரி ஜல்லியில் டயர் புதைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது வெறும் "26 இன்ச்" என்று கேட்காதீர்கள். பெண்கள் ஓட்டும் சாதாரண சைக்கிள்களில் 26 × 1⅜ என்று ஒரு அளவு உண்டு. அதுவும் 26, எம்டிபியும் 26, ஆனால் ஒன்றின் டயர் இன்னொன்றின் ரிம்மில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 50-559 போலச் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 26 இன்ச் எம்டிபிக்கு 559, அந்த 1⅜-க்கு 590. 27.5-க்கு 584, 29-க்கு 622. இரண்டாவது எண் பழைய டயரில் உள்ளதோடு ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

காற்று விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் தலைகீழ். கட்டை விரலால் அமுக்கினால் கல்லு மாதிரி இருந்தால்தான் காற்று சரியாக இருக்கிறது என்று நினைப்போம். டயரில் எழுதியிருக்கும் 65 பிஎஸ்ஐ என்பது அதற்கு மேல் போகாதே என்ற எல்லை, அவ்வளவு அடி என்ற உத்தரவு அல்ல. கல் மாதிரி இருக்கும் டயர் சரளையில் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். ஆளையும் வண்டியையும் ஒவ்வொரு முறையும் இம்மியளவு தூக்கிப் போடுகிறது என்றால், அந்தச் சக்தி நம் காலிலிருந்துதான் போகிறது. காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் கல்லை டயரே விழுங்கிக்கொள்ளும், பின் சக்கரம் மேட்டில் வழுக்காமல் பிடிக்கும். 70 கிலோ ஆளுக்கு 2 இன்ச் டயரில் முன்னால் 30, பின்னால் 35 பிஎஸ்ஐ என்று ஆரம்பித்துப் பாருங்கள். தார் மட்டும் என்றால் பத்து கூட்டிக்கொள்ளலாம். மிகவும் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது ட்யூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கொத்தியது போல இரண்டு ஓட்டை அருகருகே விழும். பஞ்சர் ஒட்டும்போது இரட்டை ஓட்டையைப் பார்த்தால் அடுத்த முறை ஐந்து பிஎஸ்ஐ கூட்டுங்கள். ஒற்றை ஓட்டை என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்தான். அதற்குக் காற்று கணக்கில் மருந்தில்லை, உதிரி ட்யூப்தான் மருந்து.

முன் ஷாக்கை என்ன செய்வது? விலை குறைந்த வண்டிகளின் ஷாக் போர்க் இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும், எழுந்து நின்று மிதித்தால் கட்டில் ஸ்பிரிங் மாதிரி அமுங்கி எழும். பூட்டும் குமிழ் இருந்தால் ஏற்றத்தில் பூட்டிவிடுங்கள், விஷயம் முடிந்தது. ஷாக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் மட்டும் ஷாக் இல்லாத நேர் போர்க் போடலாம். அதுவும் ஷாக் போர்க்கின் உயரத்துக்கு ஈடுகட்டி நீளமாகச் செய்ததாக இருக்க வேண்டும். குட்டையான போர்க்கை மாட்டினால் வண்டி முன்னால் குனிந்து, இறக்கத்தில் ஹேண்டில் பரபரவென்று திரும்பும். பின்னாலும் ஷாக் வைத்த மலிவு வண்டி வைத்திருப்பவருக்கு என் யோசனை ஒன்றுதான், அதில் பணம் போடாதீர்கள். மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

சரளை ரோட்டுக்கென்று செய்த கிராவல் பைக் என்றதும் எல்லோருக்கும் ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார் மேல் ஆசை வரும். 1990-ல் ஜான் டோமாக் என்ற அமெரிக்க வீரர் எம்டிபியில் அந்த ஹேண்டில்பாரை மாட்டிப் பந்தயம் ஓட்டினார். அவர் அதே ஆண்டு ரோடு பந்தயமும் ஓட்டியவர், இரண்டு வண்டியிலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எம்டிபியின் ஃபிரேம் ஏற்கெனவே நீளம். வளைந்த ஹேண்டில்பார் கையை இன்னும் முன்னால் இழுக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு ரோடு சைக்கிளின் பிரேக் லீவர் இழுக்கும் கேபிள் நீளம் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் எம்டிபியின் வி-பிரேக்குக்குப் போதாது, கியர் லீவரும் பெரும்பாலும் ஒத்துவராது. ஒன்றை மாற்றப்போய் நான்கை மாற்ற வேண்டியிருக்கும். இருக்கும் நேர் ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் குட்டிக் கொம்பு மாட்டினால் கை பிடிக்க இன்னொரு இடம் கிடைக்கும். அது போதும்.

காசே செலவில்லாத மாற்றம் சீட் உயரம். நம்மில் பாதிப் பேர் காலைத் தரையில் ஊன்ற வசதியாக சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்போம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை, கீழே இருக்கும் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தை வைப்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இந்த உயரத்தில் மிதித்துப் பழகிய பிறகு பழைய உயரத்துக்குப் போனால், முக்காலியில் உட்கார்ந்து மாடிப்படி ஏறுவது போல இருக்கும். செங்குத்தான சரளையில் எழுந்து நிற்கக் கூடாது, பின் சக்கரம் பிடிப்பை இழந்து சுற்றும். உட்கார்ந்தபடியே சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள். முன் சக்கரம் தூக்காது, பின் சக்கரமும் வழுக்காது. ஏற்காட்டில் காபி எஸ்டேட்டுகளுக்குள் போகும் மண் ரோடுகளில்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். அங்கே போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். அவை தனியார் ரோடுகள், காட்டுக்குள் போகும் பாதைக்கு வனத்துறை அனுமதியும் வேண்டும்.

கடைசியாக பிரேக். ஏறுவதற்குச் செய்த எல்லா வேலைக்கும் பிறகு அதே வழியாக இறங்க வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். 85 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டு கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். எதிர்க்காற்றும் ரோட்டின் உராய்வும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதியெல்லாம் பிரேக்கிடம்தான் வரும். வி-பிரேக் என்றால் ரிம் சுடும், அளவுக்கு மீறிச் சுட்டால் உள்ளே ட்யூப் வெடிக்கும். பிரேக் கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் அழிந்திருந்தால் மலைக்குப் போகும் முன்பு மாற்றிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் லேசாக உரசிக்கொண்டே வருவதுதான் மோசம். வளைவுக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி, பாட்டில் தண்ணீரில் நாலு சொட்டை ரிம்மில் விட்டுப் பாருங்கள். சுர்ரென்றால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பலாம்.